ரைட்டிங்கில் ஆறரை

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில், சமையல் புத்தகங்களுக்கும் துப்பறியும் நாவல்களுக்கும் நடுவே அது செருகிக் கிடந்தது. கேம்பிரிட்ஜ் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிப் புத்தகம், ஏழாம் தொகுதி. விலை 2 டாலர். மகளின் பள்ளி நாடகத்துக்கு ஒரு பழைய தொப்பி தேடிப் போனவள், தொப்பியை மறந்துவிட்டு அங்கேயே நின்று புரட்டினாள். பென்சிலில் எழுதிய விடைகளை எல்லாம் யாரோ அக்கறையாக அழித்திருந்தார்கள். அழுத்தி எழுதுகிற கை போலும். தாளைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிந்தது. வாசிப்புப் பகுதியின் ஓரத்தில் மட்டும் அழிக்காமல் விட்ட பொடி எழுத்துகள், தமிழில்: ‘எதிரொலி’, ‘இரை’, ‘வௌவால்’.

வௌவால் பாடம்! இருட்டில் பறக்கும் வௌவால் தன் குரலின் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிப்பதைப் பற்றிய பத்தி. ஏழாம் தொகுதியின் முதல் மாதிரித் தேர்வில், முதல் வாசிப்புப் பகுதியே அதுதான். அவள் படித்த நாளில் அந்த வட்டார ரயில் பாதையோரத்தில் பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமைக் கனவோடு வாடகைக்கு இருந்த யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வௌவாலைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள்.

ஓரத்தில் தமிழ் கிடந்தது அங்கே அதிசயமில்லை. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95,000 பேர். சிட்னியின் மேற்குப் பகுதியில் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயில் நிற்கிற இடத்திலெல்லாம் இட்லி மாவு கிடைக்கும்.

அவள் கும்பகோணம் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம்., பிறகு கடன் வாங்கிச் சிட்னியில் அக்கவுண்டிங் முதுகலை. பகலில் வகுப்பு, சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் கல்லா. ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, ஆங்கிலத்தில் சில்லறை கொடுத்து, ஆங்கிலத்தில் திட்டும் வாங்கிப் பட்டமும் கையில் வந்துவிட்டது. ஆனால் குடியேற்றத் துறைக்கு இவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்கு இன்னொரு தாள் வேண்டியிருந்தது.

2011 ஜூலையில் புள்ளிக் கணக்கை மாற்றினார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 6 எடுத்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் புள்ளி கிடையாது. நான்கிலும் 7 என்றால் 10 புள்ளி. நான்கிலும் 8 என்றால் 20. தேறுவதற்கு அப்போது 65 வேண்டும். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் சொல்லிவைத்த மாதிரி பத்தோ இருபதோ குறையும். அதை நிரப்ப ஆங்கிலத்தை விட்டால் சீக்கிர வழி வேறில்லை. மளிகைக் கடையில் பார்த்தாலும் சரி, மேஸ் ஹில் முருகன் கோவில் பிரசாத வரிசையில் பார்த்தாலும் சரி, இளவட்டங்கள் சுகம் விசாரித்தது இப்படித்தான்: “செவன் ஈச் வந்துருச்சா?”

டூங்காபியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கொல்லைப்புறத்து கிரானி பிளாட்டில் அவளும், மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அக்காவும் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் அங்கிள், 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை தபால் பிரித்தார். பள்ளிக்கூடம் போய்விட்டாலும் வாத்தியார் போகவில்லை. வாடகை கொடுக்க முன்வீட்டுக்குப் போன ஒரு நாள், “என்ன பிள்ளை, கையில என்ன கட்டுரை? கொண்டாரும், பாப்பம்” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

கட்டுரையின் கேள்வி, நகருக்குள் கார் ஓட்டி வருகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கலாமா என்பது. அங்கிள் முதல் பத்தியை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“காருக்குக் காசு வாங்கலாமோ, வேண்டாமோ எண்டுதானே கேட்டவங்கள்? நீர் சக்கரம் கண்டுபிடிச்ச கதையில இருந்து தொடங்குறீர். அவன் எப்ப வீட்டுக்குப் போறது?”

நம் பள்ளிக்கூடக் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் ‘முன்னுரை’ என்று ஒன்று உண்டல்லவா, அதன் கைவரிசை. உலகம் உருண்டையாக ஆனதிலிருந்து தொடங்கினால்தான் நமக்குத் திருப்தி. அங்கிள் அதைத்தான் முதலில் வெட்டினார். முதல் இரண்டு வரியில் உம்முடைய பக்கம் எது என்று சொல்லிவிடும், பிறகு ஏன் என்று சொல்லும், ஒரு உதாரணம் கொடும், நிறுத்தும். இவ்வளவுதான் அவருடைய பாடத்திட்டம். இரண்டாவது கேள்விக்கு 250 சொல் எழுத 40 நிமிஷம். சொல்லை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் கையெழுத்தில் வரிக்குச் சராசரி ஒன்பது சொல் என்று அங்கிள் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 28 வரி எழுதினால் போதும். கடைசியில், இருபத்தெட்டாவது வரி எங்கே வரும் என்று பார்க்காமலே அவள் கை அறிந்துவிட்டது.

கேட்டல் பயிற்சிக்கு ஏ.பி.சி.யின் ஏழு மணிச் செய்தி. எல்லாரும் நோட்டும் பென்சிலுமாக டி.வி. முன்னால் உட்கார வேண்டும். செய்தி முடிந்ததும் அங்கிள் கேள்வி கேட்பார்: தீப்பிடித்த ஊர் எது, எத்தனை வீடு, நாளைக்கு மெல்பர்னில் எத்தனை டிகிரி. ஐயெல்ட்ஸின் முதல் ஒலிப்பதிவில் பெரும்பாலும் யாராவது போனில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள், நம்பர் சொல்வார்கள். ‘டபுள் ஃபோர்’ என்பதை விட்டால் ஒரு மதிப்பெண் போச்சு. பல வருஷம் பிறர் கிறுக்கிய விலாசங்களைப் படித்துப் பிரித்த மனிதரிடம் அதில் யாரும் ஏமாற்ற முடியாது.

அதே மேசையின் மறுகோடியில் அங்கிளின் பேத்தி உட்கார்ந்திருப்பாள். சிட்னியில் பிறந்தவள், அந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி.க்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். அதற்குப் பேச்சுத் தேர்வும் உண்டு. ஆக, மேசையின் ஒரு பக்கம் கும்பகோணமும் மார்த்தாண்டமும் ஆங்கிலம் பேசத் திணறும். மறுபக்கம் டூங்காபி தமிழ் பேசத் திணறும். “நான் நெட்போல் விளையாட விருப்பம்” என்பாள் பேத்தி. “எனக்கு விருப்பம்” என்று திருத்திவிட்டு, அதே மூச்சில் இந்தப் பக்கம் திரும்பி, விட்டுப்போன ‘தி’யைக் கேட்பார் அங்கிள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சிறுமி முன்னால் தப்பாகப் பேச அவளுக்குக் கூச்சமே வந்ததில்லை. சிறுமிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

பேச்சுத் தேர்வில் ஒரு அட்டை கொடுப்பார்கள். யோசிக்க ஒரு நிமிஷம், பேச இரண்டு நிமிஷம். ஒரு சாயங்காலம் அங்கிள் கொடுத்த அட்டையில் ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு நதி’ என்று இருந்தது. காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? துள்ளிக்கொண்டு ஆரம்பித்தாள். நாற்பது நொடியில் காவிரி வற்றிவிட்டது. மேட்டூர் அணை, தண்ணீர்த் தகராறு என்று பெரிய விஷயங்களுக்குப் போனதுதான் வினை என்றார் அங்கிள். “நீர் அதில குளிச்சீரோ இல்லையோ? அதைச் சொல்லும்.” படித்துறை, பாசி வழுக்கல், ஆடிப் பெருக்கு அன்றைக்குப் பாட்டி கட்டிக்கொடுத்த சித்திரான்னம் என்று தொடங்கியபோது இரண்டு நிமிஷம் போதவில்லை.

நர்ஸ் அக்காவின் பரீட்சை வேறு. மருத்துவத் துறையினருக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான ஓ.இ.டி. அது. 1980களின் கடைசியில் அதை வடிவமைத்தவர் மெல்பர்ன் பல்கலைக்கழகத்து மொழியியல் அறிஞர் டிம் மெக்நமாரா. அதில் ஐயெல்ட்ஸ் மாதிரி பை சார்ட் கிடையாது. நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து ஒரு கடிதம் எழுத வேண்டும். எதிரே நோயாளியாக நடிப்பவரிடம் ஐந்தைந்து நிமிஷம் பேச வேண்டும். அக்கா அப்போது முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக இருந்தார். ஊரில் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கட்டி மேய்த்தவர், இங்கே பதிவு கிடைக்கும்வரை படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நோயாளி, சந்தேகமென்ன, அங்கிள்தான். சர்க்கரை ஏறிப்போன எழுபது வயதுக்காரர் வேஷம். அக்கா, சொல்லித்தந்தபடி குரலைத் தாழ்த்தி, அவர் கவலையைக் கேட்டு, பரிவு காட்டி, மெல்ல மெல்ல இனிப்பைக் குறைக்கும்படி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். அங்கிள் மூன்று நிமிஷம் தாக்குப்பிடிப்பார். அதற்குள் வேஷம் கலைந்து தமிழ் வந்துவிடும்: “வடையையும் விடு எண்டுறீர், பயத்தம் பணியாரத்தையும் விடு எண்டுறீர். பிறகு நான் உயிரோட இருந்து என்ன காணப்போறன்?” அடுக்களையிலிருந்து அன்ரியின் குரல் வரும்: “பிள்ளை, அவர் நடிக்கேல்ல. இப்பதான் உண்மை பேசுறார். விடாதையும்!”

அக்கா விடவில்லை. ஓ.இ.டி.யில் தேறினார்.

அவளுக்கு அப்படி வரவில்லை. பாஸ்போர்ட்டைத் தவிர வேறொன்றும் உள்ளே கொண்டுபோக முடியாத சனிக்கிழமைக் காலைகள். வாசலில் போட்டோ, விரல் ரேகை. கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். மண்டபத்தில் நூறு பென்சில் ஒரே நேரத்தில் உரசுகிற சத்தம், அழிப்பான் தூள். பதின்மூன்றாம் நாள் முடிவு. சூப்பர் மார்க்கெட்டின் பின்புறம் அட்டைப்பெட்டிகள் நடுவே நின்று போனில் பார்த்தாள். கேட்டல் 8.5, வாசித்தல் 8, பேசுதல் 7.5. எழுதுதல் 6.5. கூட்டி நாலால் வகுத்து அருகிலுள்ள அரைக்குக் கொண்டுவந்தால் மொத்தம் ஏழரை. அந்த எண்ணை ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போனில் சொல்வது எப்படி? “ஏழரையா?” என்று அம்மா கேட்ட தொனியிலேயே திருநள்ளாறு தெரிந்தது.

மொத்தம் எவ்வளவு வந்தாலும் பயனில்லை. ஒவ்வொன்றும் 7 தொட வேண்டும். இந்த ‘ரைட்டிங் ஆறரை’ அவள் ஒருத்தியின் கதையும் இல்லை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அதே வியாதி. நம்மை மறுபடி மறுபடி எழுதவைத்துக் கட்டணம் வாங்கத்தான் அரையைக் குறைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி எல்லா வாடகை வீடுகளிலும் உலவியது. பரீட்சையின் மூன்று உரிமையாளர்களில் ஒன்றான ஐ.டி.பி.யின் தலைமையகம் மெல்பர்னிலேயே இருப்பதையும் அதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள்! அவளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், கோவை, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோலை அச்சடித்தே கொடுக்கிறார்கள். மூன்றில் ஏழு எடுத்தாலும், சக்கரம் கண்டுபிடித்த கதை முதல் அளவுகோலில் காலை வாரிவிடும்.

அன்றைக்கு ராத்திரி அங்கிள் தேற்றவில்லை. ஒரு கதை சொன்னார். 1901-இல் இந்த நாடு போட்ட குடியேற்றச் சட்டத்தில் ஒரு சொல்வதெழுதுதல் தேர்வு இருந்தது. 50 சொல். அதிகாரி விரும்பினால் எந்த ஐரோப்பிய மொழியிலும் வைக்கலாம். வேண்டாதவர் இங்கிலீஷ் தெரிந்தவராக இருந்தால் வேறொரு மொழியில் சொல்வது. அதுவும் தெரிந்தால் இன்னொன்று. 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. 1934-இல் எகோன் கிஷ் என்கிற பத்திரிகையாளர், ஹிட்லருக்கு எதிராகப் பேச வந்தார். இறங்க அனுமதியில்லை என்றதும் மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். தூக்கி மறுபடி கப்பலில் போட்டார்கள். சிட்னியில் வைத்த தேர்வு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில். மனிதருக்குப் பல மொழி தெரியும், கேலிக் தெரியாது. உயர் நீதிமன்றம், அந்தச் சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழியில் கேலிக் சேராது என்று தீர்ப்புச் சொன்னது. 1958-இல்தான் அந்தத் தேர்வை ஒழித்தார்கள்.

“அது பெயிலாக்கிறதுக்கெண்டே வச்ச சோதினை. இது அப்பிடியில்லை. இதில பாஸ் பண்ணலாம். நாளைக்கு ஆறு மணிக்கு வாரும்” என்றார் அங்கிள்.

பிறகொரு குளிர்காலத்தில் எழுதுதலில் 7 வந்தது. அன்ரி மோதகம் அவித்தார்.

தம்பி மெல்பர்னுக்குப் படிக்க வந்தபோது காலம் வேறாகிவிட்டிருந்தது. 2014-இன் கடைசியில் பி.டி.இ. என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சையும் செல்லும் என்று குடியேற்றத் துறை ஏற்றுக்கொண்டதும், கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. எல்லாம் கம்ப்யூட்டர். மதிப்பெண் போடுவதும் கம்ப்யூட்டர். முடிவு பெரும்பாலும் இரண்டே நாளில். வாசலில் விரல் ரேகை போய் உள்ளங்கை நரம்பையே படமெடுக்கிறார்கள். உள்ளே எதிரே மனிதர் கிடையாது, ஹெட்செட்தான். ஒரே அறையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவதால் பந்தி நடக்கிற கல்யாண மண்டபம் மாதிரி இருந்ததாகத் தம்பி சொன்னான். மூன்று நொடி வாயடைத்துப் போனால் மைக் மூடிக்கொள்ளும்.

கிளேட்டனில் நாலு பையன்களாகச் சேர்ந்து ஒரு வீடு. ஒருவருக்கொருவர் உதவியென்று ஒன்றும் இல்லை; நாலு அறையில் நாலு போன். வாசிப்புப் பகுதிக்கு மாநில நூலகத்தின் குவிமாடத்துக்கடியில் போய் உட்காருவான். 1913-இல் திறந்த அந்த வாசிப்பறையில் பேச முடியாதே, பேச்சுப் பயிற்சிக்குக் கார். டாண்டினாங் கிடங்கு வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வார்ப்பை உருப்போடுவான்: “தி கிவன் பை சார்ட் கிவ்ஸ் இன்ஃபர்மேஷன் அபௌட்...” விவரிக்கச் சொல்லி எந்தப் படம் வந்தாலும் அதே வரிதான். இடையில் இரண்டு எண்ணை மட்டும் மாற்றிச் செருகினால் 40 நொடி ஓடிவிடும். ஒரு விடுமுறைக்கு சிட்னி வந்தவன், தூக்கத்தில் அதைச் சொன்னான்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நியாயமும் இருந்தது. எதிரே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பையன் அவன்; மெஷினிடம் அந்தப் பயம் இல்லை. மெஷினுக்கும் கோணல் உண்டு என்பது வேறு. 2017-இல் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கால்நடை மருத்துவர், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மட்டுமே பேசியவர், இரண்டு பட்டம் பெற்றவர், இந்தப் பேச்சுத் தேர்வில் தனக்கு வேண்டிய 79-க்கு 74 எடுத்தார். செய்தி உலகமெங்கும் ஓடியது. கிளேட்டன் வீட்டில் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார்களாம்.

தம்பி நினைத்த மதிப்பெண் எடுத்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்புதான் வரவில்லை.

2025 மார்ச்சில் நர்ஸ் அக்காவிடமிருந்து போன். இப்போது அவர் மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் வார்டுப் பொறுப்பாளர். நர்ஸ் பதிவுக்கு இனி ஐயெல்ட்ஸ் எழுதுதலில் 6.5 இருந்தாலே போதும், மற்ற மூன்றிலும் மொத்தத்திலும் 7 வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். “பாத்தியா மக்ளே, இப்பம் வந்து ஆறரை போதுமாம்!” என்று ஆரம்பித்தவர், அந்த அரை மதிப்பெண்ணில் சிக்கி ஊருக்கே திரும்பிப்போன நர்ஸ் தோழிகள் இரண்டு பேரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவர்களுடைய நம்பர் எல்லாம் மாறிவிட்டது. கேரளத்துச் சிநேகிதி ஒருத்தி மூலமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொரு மாற்றம். விசாவுக்குச் செல்லும் பரீட்சைகள் ஒன்பதாயின. பி.டி.இ.யில் நாலு திறனுக்கும் வெவ்வேறு இலக்கு. புதிதாக இரண்டு கேள்வி வகை. ஒன்றில் சிலர் கூடிப் பேசுவதைக் கேட்டுச் சுருக்கிச் சொல்ல வேண்டும். மற்றதில் ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்து, அதில் நீ என்ன பேசுவாய் என்று கேட்கிறார்கள். மனப்பாட வார்ப்பைப் பிடிக்க மனிதர்களும் பதில்களைப் பார்க்கிறார்கள். தம்பியின் பழைய மதிப்பெண்ணுக்கு மூன்று வருஷ ஆயுள் முடிகிற நேரம் பார்த்து இது வந்தது. “இதை யாருகூடக்கா பிராக்டிஸ் பண்றது? வீட்ல எல்லாரும் இயர்போனோட இருக்காங்க” என்றான்.

அவள் டூங்காபிக்குப் போன் செய்தாள். அங்கிளுக்கு எண்பது தாண்டி வெகுநாளாகிறது, காது சரியாகக் கேட்பதில்லை. பேத்தி வீடியோவை இணைத்துக் கொடுத்தாள். தம்பி சந்தர்ப்பத்தை வாசித்தான்: பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பாட்டை அலறவிடுகிறார், மரியாதையாகப் போய்ச் சொல்ல வேண்டும். வாசித்து முடிப்பதற்குள் அங்கிள் பக்கத்து வீட்டுக்காரராக மாறி, கோபமாக, யாழ்ப்பாண உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில், இது என் வீடு, நீ யார் கேட்க என்றார். தம்பி பதறிப்போய்த் தன் வார்ப்பைத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

“தம்பி, கதையும்! நான் சத்தத்தைக் குறைக்கேல்லையே இன்னும்” என்றார் அங்கிள்.